காற்றுக்குக் கட்டிய சேலைகள்

ஏனுங்க, அந்த இட்டேரி வழியாகப் போனால் முள் ஏறும் என்று உங்களுக்கு யாருமே சொல்லவில்லையா? இரண்டு பக்கமும் வேலிமுள், நடுவில் ஒரே ஒரு வண்டித்தடம். எங்கள் வெள்ளாடே அதற்குள் போக யோசிக்கும். நீங்க ஸ்கூட்டரை விட்டிருக்கீங்க. முன்சக்கரத்தைப் பாருங்க, நேற்றுச் சுட்ட தோசை மாதிரி படுத்துக் கிடக்கிறது.

சரி, உக்காருங்க. கட்டிலில் உக்காருங்க, அந்தத் துணியைத் தள்ளிவிட்டு. பஞ்சர் ஒட்டுகிற அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டேன். சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று கேட்டார். நிதானமாகவே சாப்பிடுங்க, அவசரம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமலே சொல்லிட்டேன், தப்பாக நினைக்காதீங்க. இந்த வெயிலில் வேறு எங்கே போகப் போறீங்க? கடலைக்காய் வேகவைத்தது இருக்கிறது, உரித்துத் தின்னுங்க.

சாந்தாமணியக்கா வீட்டுக்குத்தானே? பையில் அளவு டேப்பு தொங்குவதைப் பார்த்ததுமே தெரிந்தது. அக்காவுக்கு ஜாக்கெட்டா? ஓ, புதுச் சேலை எடுத்திருக்காங்களா. மாம்பழ நிறமா. நல்லா இருக்கும், அக்கா நிறத்துக்கு எடுப்பாக இருக்கும். என்னிடம் சொல்லவே இல்லை பாருங்க. வேலை மும்முரத்தில் மறந்திருப்பாங்க.

அக்கா எனக்குச் சொந்த அக்கா இல்லீங்க. என் வீட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். அந்தப் பக்கத் தோட்டம் அவர்களுடையது, இந்தப் பக்கம் எங்களுடையது, நடுவில் ஒரு வரப்பு. என் வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் இருக்கிறார். சத்தீஸ்கரில். பொங்கலுக்கு வந்தார். இனி தீபாவளிக்கு வருகிறேன் என்கிறார், வண்டிக்காரர் விட்டால். பாப்பா யூகேஜி. காலையில் ஸ்கூல் வேன் கூட்டிப் போனால் சாயங்காலம்தான் இறக்கிவிடும். அதுவரை நானும் இந்த ஆடும் அரை ஏக்கர் சின்ன வெங்காயமும்தான். ஜாலியாத்தான் இருக்கிறேன். யாரும் ஏவுவதில்லை, யாரும் கேட்பதில்லை.

என்ன அங்கேயே பாக்கறீங்க? சேலையா? வருகிறவர்கள் எல்லாருமே அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். துவைத்துக் காயப்போட்டது இல்லை. காட்டுப்பன்றிக்குக் கட்டியதும் இல்லை. நம்ம பக்கம் பன்றிக்குச் சேலை கட்டாத தோட்டமே கிடையாது, நானும் கட்டியிருக்கிறேன், அதெல்லாம் கிழக்கு வேலியில். வரப்பில் கட்டியிருப்பது காற்றுக்கு. சிரிங்க, சிரிங்க. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரித்தார்.

களை மருந்து அடிக்கிறார்கள் அல்லவா, அது மேற்கே அவர்கள் தோட்டத்தில் அடித்தாலும் ஆடி மாசத்துக் காற்று அப்படியே அள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் கொட்டும். வரப்பில் ஆடுதின்னாப்பாலை இருக்கிறது. பேரே அப்படித்தான், ஆடுகூட வாய் வைக்காத கொடி. அந்த இலையைத் தின்பதற்கென்றே ஒரு புழு இருக்கிறது. கருஞ்சிவப்பாக, மேலெல்லாம் மெத்துமெத்தென்று முள் மாதிரி, இடுப்பில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை. பார்த்தால் அருவருப்பாகத்தான் இருக்கும். அதுதான் கூடு கட்டி, கறுப்பு றெக்கையும் சிவப்பு உடம்புமாகப் பட்டாம்பூச்சியாக வெளியே வரும். கல்யாண வீட்டுக்குக் கிளம்பின மாதிரி வரும். வேறு எந்த இலையைப் போட்டாலும் அந்தப் புழு தின்னாதுங்க. நான் முருங்கை போட்டுப் பார்த்தேன், கீரை போட்டுப் பார்த்தேன். பட்டினி கிடந்து சாகுமே தவிர வாய் வைக்காது.

முன்னெல்லாம் இப்படி இல்லை. இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்துக் களை எடுக்க மயிலாத்தாள் செட்டு வரும். பத்துப் பொம்பளைகள் இருப்பார்கள். காட்டுக்குள் இருக்கிற களையை எல்லாம் பிடுங்குவார்கள், வரப்பில் இருக்கிற ஆடுதின்னாப்பாலையை மட்டும் விட்டுவிடுவார்கள். கரப்பான் புண்ணுக்கு அரைத்துப் பூச ஆகும் என்று. ஒரே சத்தமாக இருக்கும். மயிலாத்தாள் வாய் இருக்கிறதே, அப்பப்பா. "ஏம்புள்ள கோகிலா, ஊரெல்லாம் ஓட்டை போடற மகராசனுக்கு ஊட்டுக்கு வர மட்டும் வழி தெரியலையா?" என்பாள். எல்லாரும் களைக்கொத்தைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நான் பாப்பாவை வேம்பில் தொட்டில் கட்டிப் போட்டுவிட்டு அவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

அப்புறம் ஆள் கிடைக்கவில்லை. அதுவும் நிஜம்தான், மூத்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்தான் அக்கா வீட்டுக்காரர். எட்டு ஏக்கர் மக்காச்சோளத்துக்கு ஆள் தேடி அலைந்தார், பாதிப் பேர் மில்லுக்குப் போய்விட்டார்கள். மருந்து அடித்தால் இரண்டு ஆள், ஒரே நாளில் வேலை முடிந்தது. மிச்சம் இருந்த பேரையும் மில் வேன் ஏற்றிக்கொண்டது, மயிலாத்தாளையும் சேர்த்து.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லைங்க. சொல்லப்போனால் நிம்மதி. ஒரு நாளைக்கு மூன்று தடவை டீ வைக்கணும், ஒருத்திக்குச் சர்க்கரை ஆகாது, ஒருத்திக்குச் சர்க்கரை பத்தாது. இப்போது என் வெங்காயத்துக்கு நானே தனியாகக் களை எடுக்கிறேன். பேச்சு இல்லாததால் வேலை வேகமாகத்தான் ஆகிறது. வரிசை முடிந்து நிமிரும்போது மட்டும் பக்கத்தில் யாரிடமாவது எதையாவது சொல்ல வாய் வரும். அது பழக்கதோஷம். மில் வேன் காலையில் தார்ரோட்டில் போகும்போது ஒரு ஹார்ன் அடிக்கும். மயிலாத்தாள் டிரைவரிடம் சொல்லி அடிக்க வைக்கிறாள் போலிருக்கிறது. அந்த நேரத்தில் நானும் வாசலில்தான் இருப்பேன், கோலம் போட்டதைச் சரிசெய்துகொண்டு. அதனால் நான் சொல்வது பட்டாம்பூச்சிக்காக மட்டும்தான். வேறு எதற்காகவும் இல்லை.

போன ஆடியில் முதல் தடவை மருந்து அடித்தார்கள். வரப்பில் பாதி அவர்களுடையது அல்லவா, அந்தப் பாதிக்கும் அடித்தார்கள். மறுபாதிக்குக் காற்று அடித்தது. நாலைந்து நாளில் கொடி மொத்தமும் மஞ்சளாகிக் கருகிவிட்டது. அதற்கப்புறம்தான் பார்த்தேன், அந்தப் புழுக்கள் எல்லாம் வரப்பை விட்டு இறங்கி மண்ணில் ஊர்ந்து வருகின்றன. எங்கே போகிறது என்று அதற்கே தெரியாது. ஒன்று இந்த வாசற்படி வரைக்கும் வந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. பால் தூக்கில் பொறுக்கிப் போட்டேன். சோற்றை மூடி வைக்கிற கொசுவலைக் கூடை இருக்கிறதே, அதற்குள் விட்டேன். கோயில் நிலத்தில் ஆடுதின்னாப்பாலை இருந்தது, தினமும் நடந்து போய்ப் பறித்து வந்தேன். சோற்றுச்சட்டியைத் தட்டு போட்டு மூடினேன். கூடை புழுவுக்கு.

பாப்பாவுக்காகத்தான் செய்தேன் என்று வையுங்க. சின்னதில் பட்டாம்பூச்சி என்றால் உயிர். இப்போது நான் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினால், "திரும்பியும் பூச்சியாம்மா?" என்று போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. இருந்தாலும் குழந்தைகளுக்கு இதெல்லாம் தெரியணும் இல்லையா?

ஒன்று கூட்டை உடைத்து வெளியே வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டேன். ஈரத் துணி மாதிரி றெக்கை சுருங்கி இருந்தது, பார்க்கப் பார்க்க விரிகிறது. அந்தப் பக்கம் போர் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, காது கிழிகிறது. "தெரியுதுங்களா, தெரியுதுங்களா" என்று கத்துகிறேன். அவர், "கறுப்பா என்னமோ தெரியுது. அடுப்புல ஏதாச்சும் தீஞ்சு போச்சா?" என்று கேட்கிறார். தண்ணீர் வந்துவிட்டது என்று அங்கே யாரோ கத்தினார்கள். போனை வைத்துவிட்டார். பட்டாம்பூச்சியும் போய்விட்டது. நான் மட்டும் கூடையைக் கழுவி வைத்தேன்.

கொஞ்சம் இருங்க, போன் அடிக்கிறது. பஞ்சர் அண்ணன்தான். ஹலோ, சொல்லுங்கண்ணா. சாப்ட்டாச்சுங்களா? வண்டி எங்கீங்ணா போயிரும், இங்கதான் கிடக்குது. அவங்க சவுகரியமா உக்காந்திருக்காங்க. நீங்க வெயில் தாழ வாங்க.

பக்கத்தில் வேறொரு வேலை இருக்கிறதாம். முடித்துவிட்டு வரட்டும். எங்கே விட்டேன்?

ஆமாம், இந்த வருசம். வேர் சாகவில்லை, மழைக்குக் கொடி மறுபடியும் தழைத்துவிட்டது. பூச்சியும் வந்துவிட்டது. எங்கிருந்து வந்ததோ. மக்காச்சோளம் விதைக்கிறதுக்கு முன்னாலேயே சொல்லிவிடணும் என்று வரப்புக்குப் போனேன். எங்கள் வீட்டில் மூத்தவரிடம் நான் நேரில் பேசக்கூடாதுங்க. உங்கள் பக்கமும் அப்படித்தானே? என்ன பேசுவதானாலும் நடுவில் அக்கா வேண்டும். அவர் அங்கே நிற்கிறார், நான் இங்கே நிற்கிறேன், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அக்கா நடுவில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"வரப்புல மருந்தடிக்க வேண்டாம்னு சொல்லுங்கக்கா" என்றேன்.

அக்கா அவர் பக்கம் திரும்பி, "வரப்புல அடிக்க வேண்டாங்கறா" என்றார்.

"எனக்கென்ன, காது செவுடா? எதுக்குன்னு கேளு."

"எதுக்குன்னு கேக்கறாரு."

"பூச்சி இருக்குதுங்கக்கா."

"பூச்சி இருக்குதாம்."

மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "பூச்சி இருக்குதுன்னா எல்லாரும் மருந்தடிப்பாங்க, இவ அடிக்க வேண்டாங்கறா. சரி, வரப்புல அடிக்கல. என்ற காட்டுல அடிச்சது காத்துல வந்தா என்னைக் கேக்கக் கூடாதுன்னு சொல்லு. காட்டைப் பாகம் பிரிச்சோம், கிணத்தைப் பாகம் பிரிச்சோம், காத்தைப் பாகம் பிரிக்கலையேன்னு சொல்லு."

அக்கா அதை முழுசாகச் சொல்ல முடியாமல் பாதியில் சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன். மூத்தவருக்குக்கூட மீசை ஆடியது. நல்ல மனுசன்தாங்க. "அவ வெங்காயக் காட்டுக்கும் சேர்த்தே அடிச்சுக் குடுத்துடறேன், ஒத்தையில கெடந்து எதுக்கு முதுகு ஒடியறா?" என்றுகூடச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன்.

அவர் காற்றைப் பற்றிச் சொன்னதும்தான் எனக்குச் சேலை யோசனை வந்தது. பன்றியே நிற்கிறது, காற்று நிற்காதா? என்னிடம் பழைய சேலை இரண்டுதான் இருந்தது. அக்காவிடம் போய்க் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை, பெட்டியைத் திறந்து அள்ளிக் கொடுத்தார். அந்த வாரமே கம்பு நட்டு வரப்பு நெடுக இழுத்துக் கட்டிவிட்டேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடைவழி இருக்கிறது பாருங்க, அங்கேதான் மரமும் இல்லை, செடியும் இல்லை, காற்று நேராக வரும். அதனால் இருப்பதிலேயே கெட்டியான சேலையாகப் பார்த்து அங்கே கட்டினேன். அந்த ஊதா நிறம். எங்கள் கல்யாணத்துக்கு அக்கா கட்டியிருந்த சேலை. கனமான துணி. சாயம் கொஞ்சம் போயிருந்தது, அவ்வளவுதான்.

மருந்து அடித்து ஒரு வாரம் கழித்துப் பார்க்கணும். அந்தப் பக்கமெல்லாம் சேலையில் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கிறது, இந்தப் பக்கம் கொடி பச்சைப்பசேல் என்று இருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமாவது சொல்லணுமே. ஆட்டிடம் சொன்னேன்.

பூச்சிகளுக்கும் அந்தச் சேலை பிடித்துவிட்டது. பூப்போட்ட சேலையில் வந்து உட்கார்ந்து தேன் தேடி ஏமாந்து போகும். பொழுது சாய்ந்தால் காற்றுக்கு எல்லாம் சேர்ந்து படபடவென்று அடிக்கும். பயமாக இருக்காதா என்று அம்மா போனில் கேட்டார். எனக்கு என்ன பயம்? வாசலுக்கு அந்தப் பக்கம் நாலு பொம்பளைகள் நடமாடுகிற மாதிரி இருக்கும். தூக்கம் நன்றாக வரும்.

அக்கா மட்டும் அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை. முன்னெல்லாம் குழம்பு வைத்தால் கிண்ணத்தில் கொண்டுவருவார், நின்றபடியே அரைமணி நேரம் பேசுவார். கால் வலி போலிருக்கிறது. மக்காச்சோளத்துக்கு உரம் வைக்கிற நேரம் வேறு. நானும் போகவில்லை, அவர் வருவார் வருவார் என்று இருந்துவிட்டேன். சேலை ஒரு தடையா என்ன? ஒரு கையால் தூக்கிவிட்டுக் குனிந்து வந்தால் முடிந்தது.

என்னங்க, ஏன் எழுந்துட்டீங்க? சொல்லுங்க.

அக்காவா? அக்காவா உங்களை இட்டேரி வழியாக வரச் சொன்னார்? எதற்கு, இந்த வரப்பில் ஏறினால் கூப்பிடு தூரம்தானே...

வழியை அடைத்துவிட்டாளா? யார், நானா?

அக்கா வாயாலேயே சொன்னாரா? "நான் குடுத்த சேலையிலயே எனக்கு வேலி கட்டிட்டா" என்றா? போனிலா சொன்னார், நேரிலா? அழுதாரா? சரியாகச் சொல்லுங்க. சும்மா சொன்னாரா, குரல் கம்மிச் சொன்னாரா?

இருங்க. ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

நான் அடைத்தது காற்றைத்தானுங்களே. அக்காவை எதற்கு நான் அடைக்கப் போகிறேன்? எனக்கு யார் இருக்கிறார்கள், இந்த வீட்டில் இருந்து கத்தினால் கேட்கிற தூரத்தில் அவர் ஒருத்தர்தானே. பங்காளிச் சண்டை வந்தால் நடுவில் முள்படல் கட்டி வழியை அடைப்பார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் இது துணிதானே என்று இருந்துவிட்டேன். அதுவும் அந்த ஊதாச் சேலையை... அங்கே நின்று பார்த்தால் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? நான் இந்தப் பக்கம் இருந்துதானே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குப் புழுதான் தெரிந்தது.

இப்போது என்ன செய்வது சொல்லுங்க. நாளைக்கு இரண்டாவது மருந்து. மழைக்குக் களை மறுபடியும் முளைத்துவிட்டது, மூத்தவர் ஸ்பிரேயர் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருப்பதைக் காலையில் சேலை இடுக்கில் பார்த்தேன். முந்தாநாள் காற்றுக்கு வடக்குக் கடைசியில் சேலை கிழிந்து தொங்குகிறது, வீட்டில் வேறு துணி இல்லை. அங்கேதான் இலைக்கு இலை புழு. எல்லாம் சின்னது, இன்னும் ஒன்றுகூடக் கூடு கட்டவில்லை. கோயில் நிலத்தையும் சுத்தம் பண்ணிவிட்டார்கள், இந்தத் தடவை பறித்துப் போட இலையும் கிடைக்காது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால் மூத்தவரிடம் நான் பேசக்கூடாது. என் வீட்டுக்காரரைக் கேட்கச் சொன்னேன். "புழுவுக்காக அண்ணங்கிட்டப் போய் நான் எப்படிக் கேக்கறது? பொம்பளைங்க நீங்களே பேசிக்குங்க" என்கிறார். அக்கா வழியாகத்தான் கேட்கணும். அந்த வழியில்தான் நான் சேலையைக் கட்டி வைத்திருக்கிறேன்.

நானே போயிருக்கலாம் என்கிறீங்களா? போகலாம்தான். இப்போதேகூடப் போகலாம். காலடி வைத்ததும் அக்கா கதவைச் சாத்திக்கொண்டால்? அதற்கப்புறம் நான் எங்கே போவது?

ஹலோ, அண்ணா? எங்கண்ணா இருக்கீங்க? அந்த வேலையை அப்புறம் பாத்துக்கலாமுங்க, சீக்கிரம் வாங்க. பாவம், அவங்களுக்கு எத்தனையோ வேலை இருக்குது. ஆமாங்கண்ணா, இப்பவே.

ஏனுங்க, நீங்க டயர் ஒட்டினதும் வரப்பு மேலேயே போங்க. இட்டேரிக்குப் போக வேண்டாம். நான் வந்து நடைவழியில் இருக்கிற அந்த ஊதாச் சேலையை அவிழ்த்துவிடுகிறேன், வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம். அக்காவுக்கு அளவு எடுக்கும்போது சொல்லுங்க, ஊசி நூல் எடுக்கிற சாக்கில், மூத்தவர் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து. கோகிலா கட்டினது உங்களுக்கு இல்லையாம், மருந்துக்காம் என்று சொல்லுங்க. விடியும்போது காற்று அடங்கித்தான் இருக்கும், அந்த நேரத்தில் அடித்து முடித்துவிடச் சொல்லுங்க. வரப்பு ஓரம் நாலே நாலு சால் மருந்தடிக்காமல் விட்டுவிட்டால் போதும். அந்த நாலு சாலுக்கும் நானே உட்கார்ந்து களை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன், ஒரு புல்லு இல்லாமல்.

மூத்தவர் என்ன சொன்னார் என்று நீங்க திரும்பி வந்து சொல்ல வேண்டாம். போனும் பண்ண வேண்டாம். முடியாது என்றுதான் சொல்வதாக இருந்தாலும், அக்காவையே இங்கே வந்து சொல்லச் சொல்லுங்க.